எனக்கு ஒரே கோடுதானுங்க

அந்தப் பையைக் காலால தள்ளிப்போடாதீங்க, உள்ள கண்ணாடி வளையலு. குடுங்க, மடியில வெச்சுக்கறேன். நீங்க ஜன்னலோரம் போயிக்கங்க. எனக்கு இன்னைக்குக் காத்து ஆகாது, தொண்டை கட்டியிருக்குது.

அட, தொண்டைன்னு சொன்ன ஒடனே பாக்கெட்ல இருந்து மாஸ்க்க எடுக்கறீங்களே. போடுங்க போடுங்க, தப்பில்லை. மறுக்கா ஏதோ புதுக் கொரோனா ஒண்ணு வந்திருக்குதாமா, டிவியில அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. ஆனா நம்மளைப் பாத்து பயப்பட வேண்டியதில்லைங்க. வெடியாலதான் டெஸ்ட்டு எடுத்தேன். இந்தா பாருங்க, சட்டைப்பையிலயே வெச்சிருக்கறேன், பவுடர் டப்பா மூடியாட்டம் வெள்ளையா. மேல சி-ங்கற எடத்துல ஒரு கோடு. கீழ டி-ங்கற எடத்துல ஒண்ணுமில்லை. ரெண்டு வந்தாத்தான் மாட்டிக்கிட்டோம். எனக்கு ஒரே கோடுதானுங்க.

எதுக்கு இதைச் சட்டைப்பையில தூக்கிட்டுத் திரியறன்னு கேக்கறீங்களா? காட்டறதுக்குத்தானுங்க. என்ற பொறந்தவளுக்கு, தங்கச்சிக்குக் காட்டோணும்.

கண்டக்டரு வேற வந்துட்டாரு, அவரு மாதிரியே பேசறேன் கேளுங்க. 'டிக்கே டிக்கே, சில்லற சில்லற, உள்ள போங்க உள்ள போங்க, உள்ள என்ன புலியா இருக்குது.' பாத்தீங்களா, கண்டக்டரே திரும்பிப் பாக்கறாரு, யாருடா நம்ம கொரல்லனு. இது பாதிதானுங்க. தொண்டை நல்லா இருந்தா அவரு பொண்டாட்டியே ஏமாந்து போகும். அண்ணா, மொறைக்காதீங்க. காளிபாளையம் பிரிவுக்கு ஒண்ணு குடுங்க.

அது எங்கீங்கன்னா, பரமத்தி வேலூர் போற வழியில. அங்க எறங்கித்தான் ஊருக்குள்ள போகோணும். என்ற பொறந்தவ மகளுக்கு இன்னைக்குக் கட்டுச்சோறு, வளைகாப்பு. நிவேதான்னு பேரு. ஏழு மாசம். மொதல்ல உண்டானது தங்கலைங்க. அப்பறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கி இப்பத்தான் இது. அந்தப் புள்ளைக்குச் சின்னதுல இருந்தே வீசிங்கு வேற. டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிப்போட்டுதாமா, சளி காச்சல் இருக்கறவங்க ஒருத்தரும் கிட்ட வரக்கூடாதுன்னு. அதனால நிவேதாவே ஒறம்பரை, சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போனைப் போட்டு, டெஸ்ட்டு எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்குது. எனக்கும் சொல்லுச்சு. 'மாமா, நீ வந்தே ஆகோணும். நீதான் மொத வளையல் போடோணும். அப்பறம் மாமா, அம்மா பிரிவுல வந்து நின்னுக்கும். நீ சிரிச்சுட்டு எறங்கு, அது பேசிரும்.'

மூணு வருசமாச்சுங்க எம் பொறந்தவ எங்கிட்டப் பேசி. சாந்தாமணின்னு பேரு. எனக்கு இளையவ. ஒரே ஒருத்தி. மக கல்யாணத்துல கூட, 'தாய்மாமனைச் சீர்த் தட்டு எடுக்கச் சொல்லுங்க'ன்னு அய்யருகிட்டச் சொல்றா. நான் அய்யருக்குப் பக்கத்துலதான் நிக்கறேன். நானும் அய்யரு கொரல்லயே, 'தாய்மாமன் ரெடி, தங்கச்சிதான் ரெடியில்லை'ன்னு சொன்னேன். பந்தலே சிரிச்சுது. அவ மட்டும் சிரிக்கலை.

அவுளுக்கு என் மேல என்ன கோவம்னா, அவ புருசன் செத்துப்போனதுக்கு நான்தான் காரணம்னு நெனைக்கறா. நேராச் சொல்லலை. ஆனா நெனைக்கறா. காரணம் நானில்லீங்க. இதுதான். இந்த வெள்ளை மூடிதான். இது சொன்ன பொய்யிதான். நீங்களே கேட்டுச் சொல்லுங்க, வேலூர் வரைக்கும் போறீங்கள்ல, நேரமிருக்குது.

நமக்குப் போர் வண்டியில சமையலுங்க. எங்க திருச்செங்கோட்டு வண்டிங்க இந்தியா பூராம் சுத்துது, தண்ணிக்குக் குழி போடறதுக்கு. நான் பாக்காத ஊரு இல்லை. பாஷை ஒண்ணும் தெரியாது. படிப்பு அஞ்சாவதோட நின்னு போச்சு. வாத்தியார் மாதிரிப் பேசிக் காட்டுனேன், பின்னால வாத்தியார் நிக்கறாரு. அதோட சரி. ஆனா பாஷை எதுக்குங்க? சந்தையில காய்க்காரன் என்ன மாதிரிக் கத்தறானோ அதே மாதிரி நாமளும் கத்துனா, சிரிச்சுட்டுக் கூட ரெண்டு தக்காளி போட்டுடுவான்.

அத்தியப்பன் எங்க வண்டியில டிரில்லரு. சாந்தாமணி புருசன், எனக்கு மாப்ள. நான்தான் அவனை மாப்ளையாக்குனேன். ஒரே வண்டியில சோறாக்கிப் போட்டு, ஆளு தங்கம்னு தெரிஞ்சு, எம் பொறந்தவளைக் குடுத்தேன். டிரில்லர்னா லிவரைப் புடிச்சுட்டு நிக்கறவன். கீழ பாறை எப்படி இருக்குதுன்னு கைக்கு வர்ற அதிர்ச்சியிலயே சொல்லிப்போடுவான். எச்சாப் பேச மாட்டான். அவன் பேச வேண்டியதையும் சேத்து நான் பேசிக்குவேன்.

எங்க வண்டியில எல்லாத்துக்கும் இருமல் இருக்குமுங்க. பாறையில எறங்கறப்ப தண்ணி வர்ற வரைக்கும் வெறும் தூளுதான், வெள்ளையாப் பொகையாட்டம் மேல அடிக்கும். அதைத்தான் குடிக்கோணும். நாங்க அதை இருமல்னே கணக்குல எடுக்கறதில்லை. ஒவ்வொருத்தன் இருமலும் எனக்கு மனப்பாடம். எங்க மேனேஜர் சென்னியப்பன் இருமுனா செல்ப் எடுக்காத டிராக்டரு. க்ர்ர் க்ர்ர் க்ர்ர், அப்பறம் அமந்துரும். அத்தியோடது ரெண்டே தட்டு. அடுத்தூட்டுக் கதவைத் தட்டற ஒறம்பரை மாதிரி, மரியாதையா, டொக் டொக். அவ்வளவுதான். நான் அடுப்படியில இருந்து ஒவ்வொருத்தன் மாதிரியும் இருமிக் காட்டுவேன். யாரு யாருன்னு கண்டுபுடிக்கோணும். எங்களுக்குச் சினிமா அதுதானுங்க.

அந்த வருசம் தை மாசம் மத்தியப் பிரதேசத்துல ஒரு காட்டூர்ல நின்னமுங்க. கொரோனா மூணாவது தாட்டி வந்துச்சே, அப்ப. ரெண்டாவது தாட்டி மாதிரி இல்லை, இது லேசுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. இருந்தாலும் எந்த ஊருக்குள்ள போனாலும் ஊர்த் தலைவன் வண்டியை நிறுத்திப் போடுவான். டெஸ்ட்டு எடுத்துக் காட்டுனாத்தான் உள்ள உடுவான். அதுக்குன்னே மொதலாளி ஒரு பொட்டி நெறைய இந்தக் கிட்டைக் குடுத்தனுப்பியிருந்தாரு. சென்னியப்பன் எங்களை வரிசையா நிக்க வெச்சு மூக்குல குச்சியை உட்டு, சொட்டு ஊத்தி, லாரி பானட் மேல அடுக்கி வெப்பாரு. மாட்டுச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்கற மாதிரிதான். 'பொங்கி, மூக்கை நீட்டு.' பொங்கியண்ணன்னு முழுப் பேரு. கூப்புடறதுக்கு அவ்வளவு பேரு எதுக்குன்னு பாதியை உட்டுட்டாங்க.

எனக்கு அந்த ஊருக்குப் போறதுக்கு முன்னாலயே தொண்டை கட்டியிருந்துச்சு. சந்தைக்குப் போயிட்டு வந்த மறுநாள்ல இருந்து. வடக்கத்தி மொளகாயைத் தாளிச்சா வர்ற பொகை இருக்குதே, அதுனால. கொரலே வல்லை. பசங்க கிண்டல் பண்றானுங்க, 'பொங்கிக்கு டவர் கெடைக்கலை'ன்னு. சாந்தாமணி போன் பண்ணுனா, அவகிட்டக் கூடப் பூனை மாதிரித்தான் பேசுனேன். 'என்னண்ணா கொரலு இப்படி இருக்குது'ன்னா. 'பொகை சாந்தா, தாளிச்ச பொகை'ன்னேன். உடம்பும் ஒரு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா டெஸ்ட்டுல ஒரே கோடு. எல்லாத்துக்கும் ஒரே கோடுதான். நான் ரெண்டு நாள்ல எந்திரிச்சுட்டேன். சோறாக்கறதை நிறுத்தலைங்க. நான் நிறுத்துனா யாரு ஆக்குவா?

அப்பறம் மூணு நாலு நாள் கழிச்சு அத்திக்குக் குளுரு. காச்சல். பாறை மேல உக்காந்துட்டு மொழங்காலைக் கட்டிக்கிட்டு இருக்கறான். சென்னியப்பன் டெஸ்ட்டு எடுத்தாரு. ஒரு கோடு.

நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? எங்க தொழில்ல குழி போடறதுக்கு முன்னால நீரோட்டம் பாக்கறவரு ஒருத்தரு வருவாரு. உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெச்சுட்டு, கண்ணைப் பாதி மூடிக்கிட்டுக் காடு பூரா நடப்பாரு. தண்ணி இருக்கற எடத்துல தேங்காய் எந்திரிச்சு நிக்குமாமா. நான் அத்தியோட கிட்டை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, அதே மாதிரி அவனைச் சுத்தி நடந்தேன். 'இல்லை... இங்க இல்லை... அட, இங்கயும் இல்லை... மாப்ளை வறண்ட பூமியப்பா'ன்னு. எங்க வண்டியில வேலை செய்யற ஒடிசாக்காரப் பசங்களுக்குத் தமிழே புரியாது, அவனுங்க கூட வயித்தைப் புடிச்சுக்கிட்டாங்க. அத்தியும் சிரிச்சான். சத்தியமாச் சிரிச்சானுங்க. சிரிச்சா இருமல் வருது, இருமுனா மறுக்காச் சிரிப்பு வருது.

சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்றான். 'மச்சான், ஒரு பாயிண்டுல தண்ணியில்லாம வெறும் பொகை வந்துட்டா அந்தக் காட்டுல தண்ணியே இல்லைன்னு போயிருவமா? இன்னொரு பாயிண்டு போட்டுப் பாரு'ன்னு. நெசந்தானுங்க. எங்க தொழில்ல ஒரு குழி வறண்டுட்டா யாரும் காட்டை உட்டுட்டுப் போறதில்லை. பத்தடி தள்ளி இன்னொண்ணு போடுவோம். சில சமயம் அங்க பீச்சி அடிக்கும்.

நான் சொன்னேன், 'லீவு வேணும்னா நேராக் கேளு மாப்ள, பொண்டாட்டி நெனப்பு வந்துருச்சுன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு ரெண்டாவது பாயிண்டு?'ன்னு. அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. மச்சானும் மாப்ளையும் இப்படிப் பேசிக்கலைன்னாத்தானுங்க தப்பு. அவன் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குல இருந்து இப்படித்தான்.

மறுநாள் அவன் எந்திரிச்சு லிவரைப் புடிச்சுட்டான். வேண்டாம்னு யாரும் சொல்லலை. ஒரு கோடுதானே. காச்சல்னா மாத்திரை போட்டாச்சு. நான் அடுப்படியில இருந்து அவன் இருமலைப் போட்டுக் காட்டறேன், வரலைங்க. எனக்கு வரலை. ரெண்டு தட்டுல நிக்க மாட்டேங்குது. உள்ள எங்கியோ போயி, சுத்தி, எதையோ இழுத்துக்கிட்டு வருது. மூணு நாலு தாட்டி பண்ணிப் பாத்தேன். அது அத்தி மாதிரியே இல்லை. சரி, நமக்குத்தான் தொண்டை இன்னும் சரியாகலையாட்டம் இருக்குதுன்னு உட்டுட்டேன். தொழில்காரனுக்கு ஒரு நாள் அமையும், ஒரு நாள் அமையாது இல்லீங்களா?

அன்னைக்கு மத்தியானம் குழியில தண்ணி பீச்சி அடிச்சுது. அந்த ஊர்ல அதுக்கு முன்னாடி யாரு போட்டும் வராத தண்ணி. சேறும் தண்ணியுமா மரம் ஒசரத்துக்கு. ஊர்சனம் பூரா ஓடி வந்து கையேந்தி நிக்குது. பொம்பளைங்க அத்தி நெத்தியில குங்குமம் வெக்கறாங்க. அவன் அந்தக் குளுர்ல முழுக்க நனைஞ்சுக்கிட்டு நிக்கறான். என்னைப் பாத்து கையைத் தூக்கிக் காட்டறான். போட்டோ இருக்குதுங்க, இந்தப் போன்லதான். இருங்க... இல்லை, வேண்டாம்.

அடுத்த நாள் அவனுக்கு மூச்சு உட முடியலை. பிக்கப் வண்டியில ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போனோம். என்ற தோள்மேல சாஞ்சுக்கிட்டு வந்தான். வழியில நான் சென்னியப்பன் மாதிரிப் பேசிக் காட்டறேன், மொதலாளி மாதிரிப் பேசிக் காட்டறேன். 'அத்தி, அடுத்த பாயிண்டுக்கு வண்டியை எடுப்பா'ங்கறேன். அவன் என்ற கையை மட்டும் புடிச்சுக்கிட்டான்.

அந்த ஆஸ்பத்திரியில மொதல்ல என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? இதே மாதிரி ஒரு கிட்டு. சொட்டு ஊத்தி, ஓரமா வெச்சுட்டுத் திரும்பல, அதுக்குள்ள ரெண்டு கோடு. கீழ இருக்கற கோடு மேல இருக்கறதை விட அழுத்தமா. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. முந்தாநேத்து ஒண்ணு சொன்ன சாமான் இன்னைக்கு ரெண்டு சொல்லுது. நான் அங்கயே கத்துனேன், எங்களுக்குக் குடுத்த கிட்டு டூப்ளிகேட்டுன்னு. ஒரு வேளை வெயில்ல கெட்டுப்போச்சோ என்னமோ, எங்க பொட்டி இஞ்சின் பக்கத்துலதான் கெடந்துச்சு, அது வேற.

அங்க ஒரு கேரளாக்கார நர்சம்மா. அந்த ஊர்ல நம்ம பேச்சு கொஞ்சம் புரியற ஒரே ஆளு. என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி பெஞ்சுல உக்கார வெச்சுச்சு. 'சேட்டா, கிட்டு பொய் பறஞ்சில்லா. நிங்ஙள் நேரத்தே சோதிச்சு.' நேரத்தேன்னா முன்கூட்டியே. கிட்டு பொய் சொல்லலை, நீங்கதான் சீக்கிரமாக் கேட்டுப்போட்டீங்கன்னு. இப்ப வந்திருக்கறது வேற வகையாமா. மொதல்ல தொண்டையிலதான் எச்சா இருக்குமாமா, மூக்குக்கு வர ஒரு நாளு ரெண்டு நாளு ஆகுமாமா. நாங்க மூக்குல மட்டும்தான் குச்சி உட்டோம். கிருமி நெறையாச் சேந்தாத்தான் இந்தக் கிட்டுக்குக் கண்ணு தெரியுமாமா. காச்சல் வந்த அன்னைக்குப் பாத்தா தெரியாமயும் போகும், மறுநாளும் பாக்கோணும், அதுக்கு மறுநாளும் பாக்கோணும். 'ஒரு கோடு வந்தா இல்லா எந்நு அர்த்தமில்லா சேட்டா. இதுவரைக்கும் கண்டில்லா எந்நு அர்த்தம்.' ஒரு கோடுன்னா இல்லைன்னு அர்த்தமில்லை, இன்னும் கண்ணுல படலைன்னுதான் அர்த்தமாமா. நல்ல பொண்ணுங்க. அது பேசறப்ப தலை இப்படி ஒரு பக்கம் சாயும்.

அதையெல்லாம் பொட்டி மேல எழுதியிருக்க வேண்டாமுங்களா? எழுதியிருக்குதாமா. இங்கிலீசுல, எறும்பு ஊர்ற மாதிரி. சென்னியப்பன் பத்தாவது. நான் அஞ்சாவது. எங்களுக்குப் படம் மட்டும்தான் தெரிஞ்சுது. ஒரு கோடு போட்டுப் பக்கத்துல பச்சையா டிக் போட்டிருந்துச்சு.

தூளு குடிச்சே பாழாப்போன நெஞ்சு, கொரோனா ஊசி கூடப் போடாத ஆளு. அது லேசுன்னு சொன்னாங்களே, யாருக்கு லேசுன்னு சொல்லலைங்க. நாலு நாள் மூக்குல கொழாயை வெச்சுக்கிட்டுக் கெடந்தான். அப்பறம் இல்லை.

அங்கயே எரிச்சுட்டுச் சாம்பலைத்தான் கொண்டு வந்தேன். ரயில்ல ரெண்டு நாளு மடியில வெச்சுக்கிட்டு. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம நான் வந்த ஒரே பயணம் அதுதானுங்க.

ஊட்டு வாசல்ல சாந்தாமணி நிக்கறா. அழுது முடிச்சிருந்தா. கலசத்தைக் கையில வாங்கிக்கிட்டா, மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தா. ஒரே ஒண்ணுதான் கேட்டா. 'உனக்குத்தானண்ணா மொதல்ல தொண்டை கட்டுச்சு?'

நான் சொன்னேன், 'எனக்கு ஒரே கோடு சாந்தா'ன்னு. கொஞ்சம் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். வேறெப்படிச் சொல்றது? அவ என் மொகத்தையே பாத்தா. எந்திரிச்சு உள்ள போயிட்டா. அன்னைக்குப் போனவதான்.

என்ன அநியாயம் பாருங்க. எனக்குத் தொண்டை கட்டுனது மொளகாய்ப் பொகை. டெஸ்ட்டுலயும் தெளிவா ஒரு கோடு. அத்திக்கு ஒரு கோடு வந்தது பொய்யி, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அவனுக்கு வந்தது பொய்யி. எனக்கு வந்தது நெசம். நெசம்னு எப்படித் தெரியும்னா, நான்தான் நல்லா இருக்கறனே, உங்க முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டு...

ஆமாங்க, எனக்குப் பாத்த கிட்டும் அதே பொட்டிதான்.

ஆமா. எனக்கும் மூக்குலதான் பாத்தாரு. ஒரே தாட்டிதான்.

நீங்க என்னங்க, போலீஸ்காரர் மாதிரிக் கேக்கறீங்க. மாஸ்க்குக்குள்ள இருந்து பேசறதுனால எனக்கு உங்க மொகமும் தெரிய மாட்டேங்குது. பேசிக் காட்டறவனுக்கு மொகம் தெரியோணுமுங்க.

இப்பவா? இந்தத் தொண்டை நேத்துப் பொழுதோட இருந்துங்க. நேத்தெல்லாம் நல்லாத்தான் இருந்தேன், சாயங்காலம் டீ குடிக்கறப்ப முள்ளு குத்துன மாதிரி இருந்துச்சு. ராத்திரி கொஞ்சம் ஒடம்பு வலி. இன்னைக்கு வெடியால டெஸ்ட்டு எடுத்தேன். மூக்குலதாங்க. மெடிக்கல் ஷாப்புல ஒரே கிட்டுதான் இருந்துச்சு, பழசு.

தெரியுதுங்க. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. சொல்லாதீங்க.

...

வாசல்லயே நின்னுட்டு வந்தர்லாமான்னு பாக்கறேன். எப்படிங்க நிக்கறது? மொத வளையல் மாமன் போடோணும். தகப்பன் இல்லாத புள்ளை. அந்தக் கையைப் புடிச்சு, விரலை ஒடுக்கி, ஒவ்வொண்ணா ஏத்தோணும். மொகத்துக்கு மொகம் உக்காந்துக்கிட்டு. நான் போயி உக்காந்தா ஏதாவது பேசுவேன், அந்தப் புள்ளை சிரிக்கும். சிரிச்சா அதுக்கு மூச்சு வாங்குமுங்க, வீசிங்கு.

சாந்தாகிட்ட, எனக்குத் தொண்டை சரியில்லை, நான் வல்லைன்னு சொல்லிப்போடலாம். ஒரு வார்த்தைதான். ஆனா அதைச் சொன்னா என்னங்க அர்த்தம்? இன்னைக்கு ஒரு கோடு வந்தும் நம்ப மாட்டேன்னு சொன்னா, அன்னைக்கு வந்ததையும்... அன்னைக்கு அவ கேட்டதுக்கு, ஆமா சாந்தான்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்களே. அதை நான் எப்படிச் சொல்லுவேன்? அப்படி இல்லைங்க. அது மொளகாய்ப் பொகை.

ஏனுங்க, பிரிவு வந்துருச்சா? அந்தச் சோடாக் கடைக்கு அக்கட்ட. அதா நிக்கறா பாருங்க, அரக்குச் சீலை. பக்கத்துல நிவேதா மாப்ளை ஊட்டுத் தம்பி வண்டியோட. நெம்ப எளைச்சுப் போயிட்டாளுங்க. தலைமுடியெல்லாம்... மூணு வருசத்துல.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தப் பையை ஜன்னல் வழியா அந்தத் தம்பிகிட்டக் குடுத்துருங்க. பாத்து, கண்ணாடி வளையலு. நீங்களே பேசுங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன். தொறந்தா இந்தக் கொரலு காட்டிக் குடுத்துரும், அவ காது அப்படி. அண்ணனுக்கு வேலூர்ல அவசரச் சோலின்னு சொல்லுங்க. மேனேஜர் கூப்புட்டாருன்னு சொல்லுங்க. எதாவது சொல்லுங்க. நான் இந்தப் பக்கம் தள்ளி உக்காந்துக்கறேன்.

*

போலாமுங்க, ரைட்டு குடுத்துட்டாங்க.

நல்லாச் சொன்னீங்க. மேனேஜர் அவசரமாக் கூப்புட்டாருன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கே நம்பற மாதிரி இருந்துச்சு. அவ நம்பிட்டா. நம்பிட்டான்னு மொகத்தைப் பாத்தாத் தெரிஞ்சுதுங்க. மவராசனுக்குச் சொந்த மருமக விசேஷத்தை விடச் சோலி பெருசாப் போச்சுன்னு நெனைச்சிருப்பா. வாசல் வரைக்கும் வந்துட்டு எறங்காமப் போன மாமன்னு ஒறம்பரை பூராம் பேசும். இனி இன்னொரு மூணு வருசம் பேச மாட்டா. பேசாட்டிப் போறா.

நீங்க கவனிச்சீங்களா? பையை அந்தத் தம்பிதான் வாங்குனான். அதுக்கப்பறமும் அவ கையை நீட்டிக்கிட்டே படிக்கட்டுப் பக்கம் வந்தாளுங்க. அது பைக்கு நீட்டுன கையில்லைங்க. நான் எறங்கறப்ப புடிச்சுக்கறதுக்கு. சின்னதுல இருந்தே அப்படித்தான், நான் பஸ்ஸுல இருந்து எறங்குனா தடுமாறுவேன்னு.

'ஏண்ணா, எறங்கலையா?'ன்னு கேட்டா. கேட்டுச்சுங்களா உங்களுக்கு? அண்ணான்னு கூப்புட்டா. என்னைப் பாத்துத்தான், நேரா.

அவ சொன்னது எப்படி இருந்துச்சுன்னா... இருங்க. 'ஏண்...' வல்லைங்க. தொண்டை சரியில்லை.

அண்ணா, வேலூருக்கு ஒரு டிக்கெட்டுங்க. ஆமாங்க, பிரிவுக்குத்தான் வாங்குனேன். எறங்கலைங்க.